மாசிலாமணி அளந்த இரைச்சல்

ஓசூர்ப் பக்கம் ரேடாருக்கு ஆசிலேட்டர் செய்யும் கம்பெனி ஒன்றில், சோதனைப் பிரிவில் மூன்று பேர் இருந்தார்கள். மாசிலாமணி, பரஞ்சோதி, ஏகாம்பரம். சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள். அதுதான் தொந்தரவே.

ஆசிலேட்டர் ஒரே சீராகத் துடிக்க வேண்டிய பொருள். துடிப்பில் விழும் சின்னத் தடுமாற்றத்துக்கு ஃபேஸ் நாய்ஸ், அதாவது ஒருவகை இரைச்சல், என்று பெயர். ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற கருவியின் திரையில் பார்த்து அதை அளக்க வேண்டும். இந்தத் தடவையும் அளவு தப்பினால் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அளக்கத் தெரிந்த எஸ்தர் மேடமோ பிரசவ விடுப்பில். மூத்தவரான மாசிலாமணி மேடத்துக்குப் போன் போட்டார்.

"முதல்ல அனலைசர் நல்லா சூடாகட்டும் சார். திரையில ஒரு உச்சி தெரியும். அங்கயே பாக்காதீங்க, கொஞ்சம் தள்ளிப் பாருங்க. முக்கியமா, அனலைசரோட இரைச்சல் ஆசிலேட்டர் இரைச்சலைவிடக் கம்மியா இருக்கணும். இல்லன்னா அளவு தப்பு."

ஏகாம்பரம் தன் கம்பளியைக் கொண்டுவந்து கருவிக்குப் போர்த்தினார். பரஞ்சோதி வெந்நீர்ப் பை வைத்தார். சூடு ஏறியதும் மூவருமாக மேசையோடு சேர்த்துத் தள்ளிப் பார்த்தார்கள். சுவர் வரை போயிற்று.

"இன்னும் தள்ளணுமா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"கொஞ்சம்னுதான் சொன்னாங்க," என்றார் மாசிலாமணி.

அடுத்தது இரைச்சல். மாசிலாமணி ஆசிலேட்டரில் காதை வைத்தார். சத்தமே இல்லை. அனலைசரில் வைத்தார். உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"அனலைசர்தான் ஜாஸ்தி சத்தம் போடுது," என்றார் கவலையோடு.

"அதட்டிப் பாக்கலாமா?" என்றார் ஏகாம்பரம்.

"மெஷின் சார் அது. அணைச்சாத்தான் அடங்கும்," என்றார் பரஞ்சோதி.

அணைத்தார்கள். அடங்கியது. திரை கன்னங்கரேலென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. இவ்வளவு சுத்தமான அளவை மாசிலாமணி தன் சர்வீஸில் பார்த்ததில்லை. நிம்மதியாக மறுபடி போன் போட்டார்.

"மேடம், இரைச்சலே இல்ல."

"அப்படி இருக்க முடியாதே சார். ஆசிலேட்டரைக் கழட்டிட்டுப் பாருங்க. அப்பவும் திரை அதே மாதிரி இருந்தா..." அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. போன் கட்டாகிவிட்டது.

கழற்றினார்கள். திரை அதே மாதிரிதான் இருந்தது. மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"அப்போ ஆசிலேட்டர் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்," என்றார் பரஞ்சோதி.

"ஒண்ணு இல்லய்யா," என்றார் மாசிலாமணி. "இருந்தா என்னைக்காவது ஒருநாள் தடுமாறும். இல்லாட்டி தடுமாறவே தடுமாறாது."

அன்று சாயங்காலமே வாடிக்கையாளருக்குப் பெட்டி போயிற்று. காலிப் பெட்டிதான். ஆனாலும் உள்ளே இருப்பது குலுங்கிவிடக் கூடாதே என்று, மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அதை லாரியில் ஏற்றினார்கள்.