சகலை வீட்டு ஸ்பீக்கர்

போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி பொன்னுரங்கம் மூணு லட்சத்துக்கு இடுப்புயர ஸ்பீக்கர் ஜோடி வாங்கினார். டிவிக்கும் மிக்சிக்கும் போட்டதுபோல அதற்கும் தடித்த ரெக்சினில் உறை தைத்துப் போட்டார். அவருடைய சகலை, குமாஸ்தா சென்னியப்பனுக்கு வயிறு எரிந்தது.

"உன் சம்பளத்துல இதை ஜெயிக்கிற ஸ்பீக்கர் வாங்கிக் காட்டு, பாக்கலாம்!" என்றார் பொன்னுரங்கம்.

சென்னியப்பன் கடை கடையாக ஏறி, எல்லாவற்றிலும் ஒரே பாட்டைப் போட்டுக் கேட்டு, அறுபதாயிரத்தில் ஒரு ஜோடியைப் பொறுக்கினான். அதைச் சகலை வீட்டுக்கே கொண்டுபோய்ச் சொந்தக்காரர்கள் முன்னால் பாட வைத்தான். கணீரென்று இருந்தது. மூணு லட்சமோ போர்வைக்குள் முனகுவதுபோல் இருந்தது. ஏனென்று சென்னியப்பனுக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை.

பொன்னுரங்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது. இந்தக் குமாஸ்தா வீட்டில் இப்படியொரு ஸ்பீக்கரா? "என்னுதை எடுத்துக்க, உன்னுதைக் குடு!"

"நீங்க கேட்டு மறுக்க முடியுங்களா?" என்று அன்றே மாற்றிக்கொண்டான்.

புது ஸ்பீக்கரில் தூசி படிகிறதென்று, பழைய உறையைக் கேட்டு மறுநாளே வந்தார் பொன்னுரங்கம். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே அவருடைய மூணு லட்சம் வீடே அதிரப் பாடிக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் உறையை மடித்து நீட்டினான்.

"இந்தாங்க சகலை. நான் கழட்டினது இதை மட்டுந்தானுங்க."