நாற்பது ஓலையிலும் ஒரே பெயர்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், தலைமை அமைச்சரை அவையிலிருந்த நாற்பது பேர் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பழைய அமைச்சர் இறந்துபோனதும் அந்தப் பதவிக்கு மழவராயரும் இளந்திரையரும் நின்றார்கள். இருபது வருஷமாக ஒரே பக்கம் நின்று அரசருக்குத் துணையாக இருந்தவர்கள். போட்டி என்று வந்ததும் அவை இரண்டாகப் பிளந்தது.

அந்த அவையின் விகடகவி ஏகம்பன். ஒருநாள் மழவராயரின் ஆட்கள் அவனைப் பிடித்துக்கொண்டு, இளந்திரையரின் திக்குவாயைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். "அவர் போர் என்று அறிவித்து முடிப்பதற்குள் எதிரி ஜெயித்து, முடிசூடி, பேரனுக்குப் பெயரும் வைத்துவிடுவான்" என்றான். மறுநாள் இளந்திரையரின் ஆட்கள் கேட்டார்கள். அவையில் அடிக்கடி கண்ணயரும் மழவராயரைப் பற்றி, "அவர் அமைச்சரானால் நாட்டுக்கு ஒரு குறையும் வராது. வந்தாலும் அவருக்குத் தெரியாது" என்றான். இரண்டு பக்கமும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஏகம்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பேச்சு ஊரெல்லாம் பரவியது. சொன்னவன் யார் என்பது மட்டும் பரவவில்லை. மழவராயர்தான் தம்மை இப்படிக் கேவலப்படுத்தினார் என்று இளந்திரையர் நம்பினார்; இளந்திரையர்தான் என்று மழவராயரும் நம்பினார். தோற்றால் தம் ஆட்களோடு அவையை விட்டே போய்விடுவதாக இருவரும் சபதம் செய்தார்கள். எல்லையிலோ பகைவனின் படை கூடாரம் அடித்துக் காத்திருந்தது.

ஒரு காலையில் ஏகம்பன் சந்தைக்குப் போனான். அங்கே இளந்திரையரின் மகள் குழலி பூ வாங்கிக்கொண்டிருந்தாள். பூக்காரி அவள் முகத்துக்கு நேராகவே அவள் அப்பாவைப் போலத் திக்கித் திக்கி விலை சொன்னாள். பிறகு, "பேரனுக்குப் பெயர் வைத்தாயிற்றா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குழலி பூவை வைத்துவிட்டுத் தலைகுனிந்து போனாள். அதைப் பார்த்த ஏகம்பனுக்கு அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

அன்றைக்கே அரசர் அவையைக் கூட்டினார். "வரும் பௌர்ணமியன்று நாற்பது ஓலையிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். யார் செய்து காட்டுவீர்கள்?" என்றார்.

அரசரின் ஓலைகளை எழுதும் சங்கரநாதருக்கு ஏகம்பன் மேல் வெகுநாளாகப் பொறாமை. அவர் எழுந்தார். "அரசே, ஏகம்பனால் முடியாதது உண்டா? அவரிடமே ஒப்படையுங்கள். தவறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"சம்மதமா, ஏகம்பா?"

"சம்மதம் அரசே. ஓலையில் என்ன கேள்விக்குப் பதில் எழுதுவது என்று நான் சொல்லலாமா?"

"சொல்."

பௌர்ணமி வந்தது. ஏகம்பன் அவை நடுவே வந்து நின்றான். "இளந்திரையரின் வாயைப் பற்றிய பேச்சும் மழவராயரின் தூக்கத்தைப் பற்றிய பேச்சும் நான் சொன்னவை. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொன்னதில்லை. இப்போது எழுதுங்கள். இந்த அவையை உடைத்தவன் யார்?"

கொதித்துப்போன நாற்பது பேரும் எழுதினார்கள். ஓலைகளைப் படிப்பது சங்கரநாதரின் வேலை. "ஏகம்பன்... ஏகம்பன்..." என்று ஆசை ஆசையாகப் படித்தார். நாற்பதாவது ஓலை வந்தபோதுதான் அவர் குரல் இறங்கியது.

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரே பெயர் என்றுதான் நான் சொன்னேன். எதற்கான பெயர் என்று சொல்லவில்லை. சங்கரநாதரே, உம் ஓலையிலும் அதே பெயர்தானே?"

அவரோடு யாரும் சிரிக்கவில்லை. இளந்திரையர் எழுந்து மழவராயரிடம், "நீ... நீர் சொன்னதென்று நினைத்தேன்" என்றார்.

மழவராயர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டுச் சிரித்தேன்."

"நா... நானும்தான்."

குடம் மறுபடி வைக்கப்பட்டது. மழவராயர் இரண்டு ஓலை அதிகம் பெற்றார். இளந்திரையர் அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போய் அமைச்சர் ஆசனத்தில் அமர்த்திவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். அவையை விட்டு ஒருவரும் போகவில்லை.

அரசர் தம் பொன்னாடையை எடுத்து ஏகம்பனுக்குப் போர்த்தினார். மறுத்தால் அதையும் ஒரு விகடம் என்று சிரிப்பார்களோ என்று பயந்து அவன் பேசாமல் வாங்கிக்கொண்டான். வெளியே வந்ததும் அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே இளந்திரையர் வீட்டுக்குப் போனான். குழலி கதவைத் திறந்தாள்.

"அம்மா, அதைச் சொன்னவன் நான்தான். என்னை மன்னிக்க வேண்டும்."

"என்னிடம் கேட்டுவிட்டீர்கள் ஐயா. சந்தையில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களே, அங்கே யாரிடம் என்ன சொல்வீர்கள்?"

எந்தக் கேள்விக்கும் சட்டென்று பதில் சொல்லியே பெயர் வாங்கிய ஏகம்பன், அந்த வாசலில் வாயடைத்து நின்றான்.