எடுத்துக் கொடுக்க ஓர் ஆள்

கடலோர ஊரில் ஒரு மதரசா. அங்கேயே தங்கி, ஆறு வருடமாகக் குர்ஆனை மனனம் செய்துவந்தான் ஜக்கரியா. இனி பத்தே நாளில் பரீட்சை. முப்பது பாகத்தையும் பார்க்காமல், ஒரே அமர்வில் ஓதிக் காட்ட வேண்டும்.

அந்த மதரசாவில் ஒரு வழக்கம். தினமும் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மாணவர்கள் ஜோடியாக உட்காருவார்கள். ஒருவன் ஓத, மற்றவன் குர்ஆனைப் பார்த்துத் திருத்துவான். பிறகு மாற்றிக்கொள்வார்கள். ஜக்கரியாவுக்கு ஜோடி நூகு.

பரீட்சை நெருங்க நெருங்க ஜக்கரியாவுக்கு ஓதியதெல்லாம் கைநழுவிப் போனது. நூகுவின் முன்னால் தடுமாற வெட்கம். தலைவலி என்று புளுகிவிட்டு மொட்டை மாடியில் தனியாக ஓதினான். தனியாக ஓதினால் தப்பை யார் சொல்வது? தப்பும் சேர்ந்தே மனப்பாடமானது. பாவம், பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் துணிப்பையும் கையுமாக ஆசிரியர் கலீல் ஹஜ்ரத்திடம் போய், வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அழுதான். அவர் நாற்பது வருடமாக ஓதிக்கொடுப்பவர். நாளை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுப் போ என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் ஹஜ்ரத் எல்லாருக்கும் முன்னால் நின்று தொழவைத்தார். கணீரென்று ஓதிவந்தவர் பாதி வசனத்தில் நின்றுவிட்டார். திரும்பவும் முதலிலிருந்து ஓதினார். அதே இடத்தில் நின்றார். முதல் வரிசையில் நின்ற ஜக்கரியாவின் வாய், அவனை அறியாமலே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தது. ஹஜ்ரத் அதைப் பிடித்துக்கொண்டு ஓதி முடித்தார்.

தொழுகை முடிந்ததும் அவன் கையைப் பற்றிக்கொண்டார். "அல்லாஹ் உனக்கு நற்கூலி தரட்டும். காப்பாத்திட்டே."

"எனக்காக மறந்த மாதிரி நின்னீங்களா, ஹஜ்ரத்?"

"தொழுகையில எவனாவது நடிப்பானாடா? நிஜமாவே மறந்துபோச்சு."

"இத்தனை பேர் முன்னால... வெட்கமா இல்லையா?"

"நாப்பது வருஷமா எனக்குப் பின்னால எடுத்துக் கொடுக்க ஆள் நிக்குது. அந்தத் தைரியத்துலதான் முன்னால நிக்கிறேன்."

ஜக்கரியாவுக்கு நூகுவின் நினைப்பு வந்தது. எத்தனை ஆயிரம் தப்பு திருத்தியிருப்பான்! ஒரு நாளாவது வெளியே சொல்லிச் சிரித்திருப்பானா? நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் முட்டியது.

"நூகுவுக்கு நான் நன்றி சொல்லவே இல்லை, ஹஜ்ரத். இப்பவே போய்ச் சொல்றேன்."

ஓரமாக வைத்திருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். ஹஜ்ரத் அதை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"அவனுக்கும் அதே பரீட்சைதான். நாலு நாளா குர்ஆனை விரிச்சு வச்சுக்கிட்டு ஒத்தையா உக்காந்திருக்கான். போய் அவன் ஓதுறதைக் கேளு."