விழாத நிழல்

தற்காலிக வாத்தியார் தவசிமுத்துவுக்கு வேலை நிலைக்க வேண்டும். தாளாளர் அம்பலவாணருக்கோ எதிலாவது குறை காண வேண்டும். பள்ளி மைதானத்தில் பண்பாட்டுக் கண்காட்சி. தாஜ்மகாலையும் ஈபிள் கோபுரத்தையும் தாண்டி வந்த தாளாளர், பிள்ளைகள் அட்டையில் செய்த தஞ்சைப் பெரிய கோயில் முன்னால் நின்றுவிட்டார்.

“என்னவே இது? பெரிய கோயில் நிழல் தரையில விழாதுன்னு நீர்தானே பாடம் நடத்தினீரு? இங்க விழுதே! பெத்தவங்க வர்றதுக்குள்ள நிழலை நிறுத்தும். இல்லைன்னா நாளையில இருந்து வர வேண்டாம்.”

தவசிமுத்து வெயிலைப் பார்த்தார். பிறகு தாளாளரின் தொந்தியைப் பார்த்தார்.

“ஐயா கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க. உங்க நிழலுக்கு முன்னால எந்தக் கோபுரத்து நிழல் எடுபடும்?”

தாளாளரின் அகன்ற நிழல் அட்டைக் கோயிலை முழுக்க மூடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவரும் மீசையை முறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். பெற்றோர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தாளாளரின் சட்டை வியர்வையில் நனைந்தது, வழுக்கை சிவந்தது.

“ஐயா, சாயங்காலம் வரைக்கும் இப்படியே…”

“போதும்வே! நிழல் விழுந்தா விழட்டும். உம்ம வேலையும் இருக்கட்டும்.” தாளாளர் மரத்தடிக்கு ஓடினார். மூச்சு வாங்கியபடி கேட்டார்: “நிஜமாவே தஞ்சாவூர்ல விழுமா, விழாதா?”

“நல்லாவே விழும் ஐயா. அந்த நிழல்ல உக்காந்து புளியோதரை சாப்பிட்டுட்டு வந்துதான், விழாதுன்னு பாடம் நடத்தினேன்.”