கொக்கி இருந்த இடம்

நெடுங்கரிசல் என்றொரு சிற்றூர். அந்த ஊருக்கு ஒரே ஒரு டீக்கடை, சோலையப்பன் கடை. உள்ளே பலகையில் கண்ணாடி டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். வெளியே தாழ்வாரத்தில், ஒரு கம்பிக் கொக்கியில், அலுமினியக் குவளை ஒன்று தனியாகத் தொங்கும்.

தெற்குத்தெரு ஆட்கள் குடிப்பது அதில்தான். குடித்தவரே கழுவ வேண்டும், கழுவியவரே கொக்கியில் மாட்ட வேண்டும். யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஆனாலும் ஊரில் நண்டு சிண்டுக்குக்கூட அது தெரியும்.

குவளைக்கு இருளாண்டி என்றால் உயிர். நாற்பது வருஷமாக விடிந்ததும் முதல் ஆளாக வந்து அதை எடுப்பவர் அவர். ஊர்க் கண்மாய்க்கு மண் சுமந்த மனுஷன், பள்ளிக்கூடத்துக்குக் கல் சுமந்த மனுஷன். அவர் மழையிலும் நின்றுகொண்டே குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் குவளைக்கு வயிறு எரியும்.

"ஒரு நாளாவது அவர் பெஞ்சில உக்காந்து உங்கள்ல குடிக்கணும். அப்புறம் என் பாடு எப்படிப் போனாலும் சரி" என்று கண்ணாடி டம்ளர்களிடம் சொல்லும்.

"நாங்க என்ன மாட்டோம்னா சொல்றோம்? எங்களுக்கு எல்லா உதடும் ஒண்ணுதான். ஊத்துற கைதான் ஆள் பாக்குது" என்று டம்ளர்கள் சொல்லும்.

யாரோ மனு போட்டார்கள். ஒரு நாள் ஜீப்பில் அதிகாரி வந்து இறங்கினார்.

"என்னய்யா இது? உள்ளுக்கு ஒண்ணு, வெளியில ஒண்ணு? இந்தக் குவளை இனிமே இங்க இருக்கக் கூடாது."

"எடுத்துடறேன் சார்" என்றார் சோலையப்பன். அப்படி ஒரு பணிவை ஊர் அதுவரை கண்டதில்லை. ஜீப் கிளம்பும் முன்னே கொக்கியைக் குவளையோடு கழற்றி வீசினார். குவளை கடைக்குப் பின்னால் குப்பைக் குழியில் போய் விழுந்தது.

விழுந்த வேகத்தில் அதன் வயிறு நசுங்கியது. ஆனாலும் சிரித்தது.

குழியில் பாதி புதைந்து கிடந்த பழைய தேங்காய்ச் சிரட்டை ஒன்று கண் விழித்தது. "எதுக்குச் சிரிக்கிறே?"

"நாளைக்கு என் ஆள் கண்ணாடி டம்ளர்ல குடிக்கப் போறார்."

"அவரோட அப்பன் என்னில குடிச்சவன். என்னை வீசிட்டு உன்னை மாட்டுன அன்னைக்கு, நானும் இப்படித்தான் சிரிச்சேன்."

"அது அந்தக் காலம். இப்ப சர்க்காரே வந்து சொல்லிருச்சு."



மறுநாள் காலை இருளாண்டியின் குரல் கேட்டது. "சாமி, ஒரு டீ."

"இந்தா இருளாண்டி. புதுசு. சுத்தம்."

"கேட்டியா, கேட்டியா!" என்று குவளை துள்ளியது.

சற்று நேரத்தில் லேசாக ஏதோ ஒன்று குழியில் வந்து விழுந்தது. உள்ளும் புறமும் ஈரமாக இருந்தது.

"யாரு நீ?"

"பேப்பர் கப். நேத்து சாயங்காலம் டவுன்லருந்து நூறு பேர் வந்தோம்."

"அப்ப இனிமே எல்லாருக்கும் நீங்கதானா?" கண்ணாடி இல்லாவிட்டால் போகிறது, எல்லாருக்கும் ஒன்று என்றால் போதும் என்று குவளைக்கு ஒரு நப்பாசை.

"இல்லையே. பெஞ்சுல இருக்கிறவங்களுக்குக் கண்ணாடி டம்ளர்தான். நாங்க தெற்குத்தெருவுக்கு."



"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றது பேப்பர் கப். "குடிச்சதும் தூக்கிப் போட்டுருவாங்கன்னு சொல்லித்தான் எங்களை அனுப்புனாங்க. அந்தப் பெரியவர் குடிச்சிட்டு என்னைத் தொட்டித் தண்ணியில மூணு தரம் கழுவுனார். அப்புறம் என்னைக் கையில வச்சுக்கிட்டுத் தாழ்வாரத்துல எதையோ ரொம்ப நேரம் தேடுனார். பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. என்னத்தைத் தேடியிருப்பார்?"

குவளை சிரட்டையைப் பார்த்தது. சிரட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சோலையப்பன் கழற்றியது அந்தக் கொக்கி ஒன்றைத்தான்.