தாசையா கேட்ட சிவப்பு

"இந்த மூணுல எது தூரத்துல இருந்து கண்ணைக் குத்தும், டீச்சர்?" என்று தாசையா கேட்டார்.

மேசைமேல் கிட்டாருக்குப் பூசும் பூச்சின் மூன்று மாதிரிப் பலகைகள் கிடந்தன. ஒன்று பளபளக்கும் சிவப்பு. ஒன்று மினுக்கமில்லாத கறுப்பு. மூன்றாவது, மரத்தின் ரேகை தெரிய எண்ணெய் மட்டும் தேய்த்தது.

ஜெபக்கனிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. தூத்துக்குடியில் கிட்டார் செய்து விற்பவள், கற்றுக்கொடுப்பவள். அறுபத்திரண்டு வயதில் தாசையா அவளிடம் அடித்தொனி வாசிக்கும் ஐந்து கம்பி பேஸ் கிட்டார் ஒன்று செய்யச் சொல்லிவிட்டு, அதைப் பழகவும் வந்துகொண்டிருந்தார்.

"யார் கண்ணைக் குத்தணும், அண்ணாச்சி?"

"ஐசக்ராஜ் கண்ணை."

அவளுக்குத் தெரிந்த கதைதான். தாசையாவோடு ஒரு டீ குடித்த எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மெல்லிசைக் குழு நடத்திய ஐசக்ராஜ் புதுக் கீபோர்டு ஒன்று வாங்கினார். "பேஸ் இனி என் இடது கையிலேயே இருக்கு. நீ எதுக்குவே?" என்று தாசையாவை வேனிலிருந்து இறக்கிவிட்டார். அந்தக் கீபோர்டின் ஓசை போன ஆழத்துக்குத் தாசையாவின் நாலு கம்பி போகவில்லை.

இப்போது அதே ஐசக்ராஜ் ஆள் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் அசனப் பண்டிகை. ஊருக்கே சாப்பாடு. பழைய குழு வாசிக்கிறது. தாசையாவும் வர வேண்டும்.

"எதுக்குக் கூப்பிடுதான் தெரியுமா? பழைய கிட்டாரைத் தூக்கிட்டு வந்து நிப்பேன், பார்த்துச் சிரிக்கலாம்னு."

"போய்க் கேட்டீங்களா?"

"நான் ஏன் கேக்கணும்? இறக்கிவிடும்போது அவன் என்னைக் கேட்டானா?"

ஜெபக்கனி உள்ளே போய் கிட்டாரை எடுத்து வந்தாள். இன்னும் எதுவும் பூசாத வெறும் மரம். ஓசை பார்க்கக் கம்பி மட்டும் மாட்டியிருந்தாள். அதை அவர் மடியில் வைத்தாள்.

"வாசிங்க."

அவர் ஆழமாக ஒலிக்கும் ஐந்தாம் கம்பியை இழுத்துவிட்டார். மேசையிலிருந்த பலகைகள் அதிர்ந்து நகர்ந்தன.

"ஞாயித்துக்கிழமை இப்படியே கொண்டுபோங்க. திங்கக்கிழமை பூசிக்கலாம்."

"மொட்டை மரத்தோடயா? பெயிண்டுக்கு வக்கில்லன்னு சொல்லுவான்."

"இன்னைக்குப் பூசினா காய்ஞ்சு முடிய மூணு வாரம் ஆகும். அசனம் முடிஞ்சிரும்."

"ஆகட்டும். நான் இருபத்திரண்டு வருஷம் பொறுத்தேன். அவன் மூணு வாரம் பொறுக்கட்டும்."

அவள் ஒரு கையில் கிட்டாரையும் இன்னொரு கையில் சிவப்புப் பலகையையும் நீட்டினாள்.

அவர் சிவப்பைத் தொட்டார்.

அவள் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஐந்தாவதைக் கழற்றும்போது, "மெதுவா" என்றார் தாசையா.

மூன்று வாரம் கழித்து வந்தார். கிட்டார் சுவரில் தொங்கியது. இப்போதுதான் நனைத்தெடுத்த மாதிரி இருந்தது சிவப்பு. சட்டைப் பொத்தான்கூட அதில் தெரிந்தது. வாங்கி மடியில் வைத்துத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அசனம் எப்படி நடந்துச்சாம்?" என்று போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

"நல்லா நடந்துச்சு. ஐசக் அண்ணன் வலது கையால வாசிச்சாங்க."

"இடது கை?"

"ஒரு வருஷமா தூக்க முடியல. மடியிலயே கிடக்கு."

துணி நின்றது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. சொன்னா பாவம் பார்த்து வருவீங்களாம். வாசிக்கணும்னு தோணி வரணுமாம். ரெண்டு தடவை இங்க வந்து, கிட்டார் ஆயிட்டான்னு கேட்டுட்டுப் போனாங்க."

தாசையா துணியை மடித்து மேசைமேல் வைத்தார்.

"பேஸ் யாரு வாசிச்சா?"

"யாரும் வாசிக்கல."

"நம்ம வழக்கமான ரெண்டாவது பாட்டுல சரணத்துக்கு முன்னால ஒரு இடம் வருமே. நாலு தாளத்துக்கு எல்லாரும் நிறுத்திருவாங்க. பேஸ் மட்டும் போகும்."

"வந்துச்சு. அண்ணன் கையை எடுத்துட்டாங்க. மத்தவங்களும் நிறுத்திட்டாங்க."

"அப்புறம்?"

"நாலு தாளமும் சும்மா போச்சு, அண்ணாச்சி. பந்தியில இருந்தவங்க கரண்டு போயிட்டுன்னு நினைச்சாங்க."