நான்காம் அறைக் கண்ணாடி

சுவிட்சைத் தட்டினால் வெளுக்கவும் தெளியவும் செய்யும் அறைக் கண்ணாடி, மின்சாரம் பாய்ந்தால் வெளுத்து மறைக்கும் என்று உலகம் நம்பி வருகிறது. இது மிகக் கடுமையான பிழை. இதைத் திருத்தாமல் கதைக்குள் போவது முறையாகாது. இந்த வகைக் கண்ணாடி மின்சாரம் நின்றால்தான் வெளுக்கும், பாய்ந்தால் தெளியும்.

முப்பது வருடம் வயரிங் வேலை பார்த்த திருமேனிக்கும் இது தெரியாது. தொற்று வரக்கூடாது என்று மருத்துவமனையில் அவர் மனைவி பூரணத்தைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். அவளைப் பார்க்கும் ஆசையில், வெளுத்துக் கிடந்த அறைக் கண்ணாடிக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்.

பழுது பார்க்க வந்த ஜெசிந்தாவுக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. அவளையே குருவாகப் பிடித்துக்கொண்டார்.

“வாத்தியாரம்மா, ஃபியூஸைப் பிடுங்கியும் ஏன் தெளியல?”

“பிடுங்கினா எப்படித் தெளியும்ண்ணே? உள்ளே ஒரு ஃபிலிம் இருக்கு. அது பூராவும் பொடிப்பொடியாச் சொட்டு. கரண்ட் இல்லேன்னா ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் பார்த்து நிக்கும், வெளிச்சம் சிதறிடும். கரண்ட் வந்தா எல்லாம் ஒரே பக்கம் திரும்பும்.”

“அப்போ நான்தான் மூடி வச்சேனா?”

ஜெசிந்தா ஃபியூஸைத் திரும்ப மாட்டினாள். கண்ணாடி அப்படியே இருந்தது.

“இன்னும் வெள்ளையாத்தானே இருக்கு!”

“சுவிட்ச் உள்ளே இருக்கு. அக்கா கையில.”

திருமேனி தரையைப் பார்த்தார். “முடி கொட்டினதிலேர்ந்து என்னைப் பார்க்க மாட்டேங்குறா. வெளியேருந்து நீ போட முடியாதா?”

“முடியும்.”

“போடேன்மா.”

அவள் பையிலிருந்து உள்ளங்கை அகல ஃபிலிம் துண்டு ஒன்றை எடுத்தாள். ஒரு ரெகுலேட்டரில் இணைத்து அவர் இடது கையில் வைத்தாள்.

“மெதுவாத் திருப்புங்க.”

திருப்பினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் திருப்பினார்.

“இது செத்துப்போச்சும்மா.”

“திருப்புங்கண்ணே.”

ஓர் இடத்தில், ஃபிலிமுக்கு அடியில் அவருடைய கைரேகை தெரிந்தது.

“இவ்வளவு நேரம் சும்மாதானே கிடந்துச்சு?”

“இல்லண்ணே. உள்ளே அசைய ஆரம்பிச்சிருச்சு. நமக்குத்தான் தெரியல.”

பையை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

திருமேனி நாற்காலியைக் கண்ணாடியோரம் இழுத்துப் போட்டு, இன்டர்காமை அழுத்தினார்.

“பூரணம், ரசத்துக்கு எத்தனை தக்காளி?”

கண்ணாடி வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள், பால் பொங்கி அடுப்பு அணைந்த கதையைச் சொன்னார். அதற்கு அடுத்த நாள், சொல்ல ஒன்றும் இல்லாததால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை, நர்ஸ் பதிவேட்டில் எழுதினார்: “நான்காம் அறை. காய்ச்சல் இல்லை. வெளியே உட்கார்ந்திருப்பவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதாக நோயாளி புகார்.”